யாரிடம் போய் முறையிடுவது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சீனாவும் மேற்கு நாடுகளும் ஜனநாயகம், மனித உரிமை ஆகியவற்றை எப்படி வேறு வேறாகப் பார்க்கின்றன என்று எழுதியிருந்தோம். "எங்களுக்குச் சோறும் வேலையும் முதல் உரிமை" என்பது சீனத்தின் வாதம். "பேச்சும் வாக்கும் இல்லாத இடத்தில் மற்றது நிலைக்காது" என்பது மேற்கின் வாதம். இதற்கு வந்த கடிதங்களில் சேலம் மாவட்டத்துக் கடிதங்களே அதிகம். சில கேள்விகள் கட்டுரையைவிடக் கூர்மை.

சீனாவும் தன்னை ஜனநாயக நாடு என்றுதானே சொல்லிக்கொள்கிறது? அங்கே ஓட்டுப் பெட்டி உண்டா, இல்லையா?
— மளிகை மண்டி வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

உண்டு. ஆனால் அது கீழ்ப்படிகளில் மட்டும் இருக்கிறது. சீனாவின் மக்கள் பேரவைகள் ஐந்து அடுக்கு. அடியில் உள்ள இரண்டு அடுக்குகளுக்கு, அதாவது ஏறக்குறைய நம் ஒன்றியம், வட்டம் அளவிலான பேரவைகளுக்கு, 18 வயது நிரம்பியவர்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். அதற்கு மேல் நேரடி வாக்கு இல்லை. ஒவ்வொரு பேரவையும் தனக்கு மேலுள்ள பேரவையைத் தேர்ந்தெடுக்கும். உச்சியில் தேசிய மக்கள் காங்கிரஸ். 2023-இல் பதவியேற்ற அவையில் 2,977 பேர். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சில் கூடி, ஒன்றிரண்டு வாரத்தில் கலைந்துவிடுவார்கள்.

கீழ்மட்டத் தேர்தலின் விதிகளைப் படித்தால் குறை சொல்லத் தோன்றாது. பத்து வாக்காளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் யாரையும் முன்மொழியலாம். இடங்களைவிட வேட்பாளர்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். பதிவு செய்த வாக்காளரில் பாதிக்கு மேல் வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும். சிக்கல் நடுவில் இருக்கிறது. முன்மொழியப்பட்ட பெயர்கள் "கலந்தாலோசனை" என்ற கட்டத்தைத் தாண்டித்தான் இறுதிப் பட்டியலுக்கு வரும்; அதை நடத்துவது தேர்தல் குழு, அந்தக் குழுவை அமைப்பது மேலே இருப்பவர்கள். 2011-இல் பல ஊர்களில் கட்சி சாராதவர்கள் தாமாகவே போட்டியிடுகிறோம் என்று சமூக வலைத்தளத்தில் அறிவித்தார்கள். பெரும்பாலோர் வாக்குச்சீட்டு வரை வரவே இல்லை.

நம் ஊரிலும் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. வடிகட்டி இரண்டு பக்கமும் உண்டு; வடிகட்டியவனைக் கேள்வி கேட்க வேறொருவன் இருக்கிறானா என்பதுதான் பேச்சு. 2018 மார்ச்சில் குடியரசுத் தலைவருக்கான இரண்டு பதவிக்கால வரம்பை நீக்கும் திருத்தம் அவைக்கு வந்தபோது ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. இவ்வளவு பெரிய அவையில் இப்படி ஒரு கணக்கு வந்தால், முடிவு அவைக்கு வெளியே எடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் பொருள்.

சீனத் தரப்பின் பதிலையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் ஷாங்காயில் ஷி ஜின்பிங் முன்வைத்தது "முழுச்செயல்முறை மக்கள் ஜனநாயகம்". 2021 டிசம்பரில், அமெரிக்கா கூட்டிய ஜனநாயக உச்சிமாநாட்டுக்குச் சில நாள் முன்பாக, இதையே வெள்ளை அறிக்கையாக வெளியிட்டார்கள். தேர்தலன்று மட்டும் எழுப்பி மறுநாள் தூங்கவைக்கப்படும் வாக்காளன் உண்மையில் ஆள்பவன் அல்ல; சட்டம் வருமுன்பே கருத்துக் கேட்பதே மெய்யான ஜனநாயகம் என்கிறார்கள். கருத்துக் கேட்பது வெறும் நாடகமும் இல்லை. 2020-இல் நிறைவேறிய குடிமைச் சட்டத் தொகுப்புக்குப் பலமுறை வரைவை வெளியிட்டுக் கருத்து வாங்கினார்கள். 12345 என்ற எண்ணை அழைத்தால் சாக்கடை அடைப்பு முதல் சம்பள பாக்கி வரை பதிவாகும்; நம் 1100 போல. தேர்தல் முடிந்ததும் தொகுதிப் பக்கம் தலைகாட்டாத உறுப்பினர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் குத்தல் உறைக்கத்தான் செய்யும். ஆனால் கருத்துச் சொல்லலாம், ஆளை மாற்ற முடியாது என்றால் அந்தக் கருத்துக்கு எடை எவ்வளவு?

மனித உரிமை என்பதே வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கும் சீனர்களுக்கும் ஒத்துவராது என்கிறார்களே?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. நிறைவேற்றிய உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவில் எலினார் ரூஸ்வெல்ட் தலைவர், துணைத் தலைவர் பி.சி. சாங் என்ற சீனர். பிரகடனத்தில் எந்த மதத்தின் கடவுளும் இடம்பெறக் கூடாது, எல்லா மக்களும் ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர் அவர். ஆண்களை மட்டும் குறிப்பதுபோல இருந்த முதல் வாசகத்தை "எல்லா மனிதர்களும்" என்று மாற்றவைத்தவர் நம் ஹன்சா மேத்தா. வாக்கெடுப்பில் ஆதரவு 48, எதிர்ப்பு யாருமில்லை, விலகி நின்றவை 8 நாடுகள். அன்று சீனாவின் இடத்தில் இருந்தது, கம்யூனிஸ்ட்டுகளுக்கு முன் ஆண்ட கோமின்டாங் கட்சியின் அரசு. இன்றைய மக்கள் சீனம் அடுத்த ஆண்டுதான் பிறந்தது, ஐ.நா.வில் இடம் பிடித்தது 1971-இல். ஆகவே "இது எங்கள் கையெழுத்து இல்லை" என்று பெய்ஜிங் சொல்ல இடமுண்டு. சீனச் சிந்தனைக்கே அந்நியம் என்று சொல்லத்தான் இடமில்லை. மக்களே முதன்மை, மன்னன் அவர்களுக்குப் பின்தான் என்று பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் சொல்லி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது.

எட்டுவழிச் சாலையைச் சீனாவாக இருந்தால் இரண்டே வருஷத்தில் போட்டிருப்பார்கள் என்று என் மகனே சொல்கிறான். நிலத்தைக் காப்பாற்ற நாங்கள் அலைந்த அலைச்சல் வீணா?
— விவசாயி, அயோத்தியாப்பட்டணம் அருகே

உங்கள் மகன் சொல்லும் வேகம் உண்மை. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீன அரசமைப்பின் 10-ஆம் பிரிவுப்படி நகர நிலம் அரசுடையது, கிராம நிலம் ஊர்க்கூட்டுக்கு உரியது. உங்களைப் போல் பட்டா வைத்திருக்கும் தனி உடைமையாளர் அங்கே இல்லை. விவசாயிக்கு இருப்பது முப்பதாண்டுச் சாகுபடி உரிமை. எனவே கையெழுத்து வாங்க வேண்டியது ஊர்க்கூட்டின் தலைமையிடம். அந்தத் தலைமை வளைந்துவிட்டால் வேலை முடிந்தது. மேலும், கிராம நிலத்தை எடுத்து நகர நிலமாக மாற்றி ஏலம் விடுவது உள்ளாட்சி அரசுகளின் பெரிய வருமானமாகவே பல்லாண்டு இருந்தது. நிலத்தை எடுப்பவரும் அவரே, இழப்பீட்டை நிர்ணயிப்பவரும் அவரே, விற்றுக் காசு பார்ப்பவரும் அவரே.

2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நில நிர்வாகச் சட்டத் திருத்தம் இதைக் கொஞ்சம் சீர்செய்தது. எது பொதுநலன் என்று பட்டியலிட்டது. இழப்பீட்டுத் திட்டத்தை 30 நாள் ஊரில் ஒட்டி வைக்க வேண்டும். உறுப்பினரில் பெரும்பான்மையோர் ஏற்காவிட்டால் விசாரணை நடத்த வேண்டும். அரசுத் துறைமீது வழக்குப் போடவும் 1990 முதலே சட்டம் உண்டு. ஆனால் முடிவெடுப்பது பெரும்பாலும் கட்சிக் குழு; அந்தச் சட்டத்தின் கீழ் கட்சிமீது வழக்கு இல்லை. குவாங்டோங் மாநிலத்து வூக்கான் கிராமத்தில் 2011-இல் நிலம் கைமாறியதை எதிர்த்து ஊரே திரண்டு அதிகாரிகளை விரட்டியது. 2012 மார்ச்சில் சுதந்திரமான தேர்தலும் நடந்தது, போராட்டத் தலைவரே ஊர்த்தலைவரானார். நிலம் முழுதாகத் திரும்பவில்லை. 2016-இல் அவரே கைதாகித் தண்டனை பெற்றார்.

இனி உங்கள் பக்கம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956-இல், நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். இந்த 21 நாளைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைபவர்கள்தான் அதிகம். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் பெரிதாகப் பேசப்படும் சமூகத் தாக்க மதிப்பீடும், உடைமையாளரில் எழுபது, எண்பது விழுக்காட்டினரின் ஒப்புதலும் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது; அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணை நெடுஞ்சாலையை விலக்கிவிட்டது. பொருந்துபவை மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகளும் இழப்பீட்டுக் கணக்கும். அந்தக் கணக்கு இது: கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையிலான எண்ணால் பெருக்கி, அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை. சொத்துரிமையும் 1978-இன் 44-ஆம் திருத்தத்துக்குப் பின் அடிப்படை உரிமை அல்ல. 300ஏ பிரிவில் சட்ட உரிமை மட்டுமே. ஆக, சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்களும் சீன விவசாயியும் நினைப்பதைவிடப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள்.

ஆனாலும் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கான அறிவிக்கைகளை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றது. அதே தீர்ப்பில், வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை முன்கூட்டியே மாற்றியது தவறு என்றும் சொன்னது. தோல்வி பாதி, வெற்றி பாதி. கல் நட்ட அரசே நீதிமன்றத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வந்ததே, அது வீணில்லை. அந்த விளக்கத்துக்காக உங்களில் பலர் காவல் நிலையத்தில் உட்கார வேண்டி வந்தது. அது நம் ஜனநாயகத்துக்குப் பெருமை சேர்க்கும் கணக்கில் வராது.

மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு அங்கே யாருமே எதிர்ப்புச் சொல்லவில்லையா?
— பொதுப்பணித்துறை ஓய்வூதியர், மேட்டூர்

சொன்னார்கள். 1992 ஏப்ரலில் தேசிய மக்கள் காங்கிரஸில் ஆதரவு 1,767, எதிர்ப்பு 177, நடுநிலை 664. அந்த அவையின் வரலாற்றில் இது பெரிய கலகம். அணை நின்றது, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். உங்கள் ஊர் அணை 1934-இல் திறக்கப்பட்டபோது மூழ்கிய கிராமங்களை யாரும் வாக்கெடுத்துக் கேட்கவில்லை. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியும் தேவாலயக் கோபுரமும் அதற்குச் சாட்சி. அன்று நம்மை ஆண்டது, தன் நாட்டில் ஜனநாயகம் பேசிய பிரிட்டன்.

வயிறு நிறைந்தால்தானே உரிமை? சீனா பசியை ஒழித்துவிட்டதே, அது போதாதா?
— பட்டு நெசவாளர், அம்மாபேட்டை

சீனாவின் வாதத்தில் வலுவான பகுதி இதுதான். 1989 ஜூனில் தியனன்மென் சதுக்கத்து மாணவர் இயக்கம் நசுக்கப்பட்டபின் உலகமே கண்டித்தது. அதற்கு மறுமொழியாக 1991-இல் பெய்ஜிங் தன் முதல் மனித உரிமை வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. உயிர்வாழும் உரிமையே எல்லா உரிமைக்கும் முதல் என்பது அதன் அடிநாதம். நாற்பதாண்டில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக வங்கி ஒப்புக்கொள்கிறது. இதைச் சிறிதாக்கிப் பேசுபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே ஆட்சியின் கீழ் 1959 முதல் 1961 வரை நடந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம் மட்டுமே. விளைச்சல் அமோகம் என்று கீழிருந்து பொய்க்கணக்கு மேலே போனது. அந்தக் கணக்குப்படி தானியம் கொள்முதல் ஆனது. ஊரில் சாப்பிட மிஞ்சவில்லை. இதை எழுதப் பத்திரிகை இல்லை, அவையில் கேட்க எதிர்க்கட்சி இல்லை. உண்மையைச் சொன்ன பாதுகாப்பு அமைச்சரையே 1959-இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். சுதந்திர இந்தியாவில் அந்த அளவுப் பஞ்சம் வராததற்குத் தேர்தலும் பத்திரிகையும் காரணம் என்று அமர்த்தியா சென் வாதிட்டதன் பொருள் இதுதான். அவரே இன்னொன்றும் சொன்னார்: பஞ்சத்தைத் தடுத்த இந்தியா, அன்றாடப் பட்டினியையும் குழந்தைச் சாவையும் குறைப்பதில் சீனாவுக்குப் பின்னால் நின்றது. செத்து விழுந்தால் செய்தி. மெல்ல மெலிந்தால் செய்தியில்லை. நம் ஜனநாயகத்தின் ஓட்டை அது.

வயிற்று உரிமையிலும் அங்கே ஒரு வேலி உண்டு. 1958 முதல் உள்ள குடும்பப் பதிவு முறையில் கிராமத்தில் பதிவானவர், நகரத்துக்கு வந்து எத்தனை ஆண்டு உழைத்தாலும் பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியவற்றில் நகரவாசிக்குச் சமமாக முடியாது. அண்மை ஆண்டுகளில் சிறு நகரங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். பெய்ஜிங், ஷாங்காயில் இறுக்கம்தான். சேலத்தில் கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர் தன் பிள்ளையை இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது நமக்குச் சாதாரணம். அங்கே அது போராடிப் பெற வேண்டியது.

கைது செய்தால் எத்தனை நாளில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்? நாடு நாடாகச் சொல்லுங்கள்.
— சட்டக் கல்லூரி மாணவி, சேலம்

இந்தியாவில் 24 மணி நேரம், பயணநேரம் நீங்கலாக. அரசமைப்பின் 22-ஆம் பிரிவு. அமெரிக்காவில், வாரண்ட் இல்லாத கைது என்றால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்த்தாக வேண்டும். பிரிட்டனில் சாதாரணமாக 24 மணி. கடுமையான குற்றத்தில் நீதிமன்ற அனுமதியோடு 96 மணி வரை. பயங்கரவாத வழக்கில் 14 நாள் வரை. சீனாவில் காவல்துறை அதிகபட்சம் 30 நாள் வைத்துக்கொள்ளலாம், அதன்பின் அரசு வழக்குத் துறை 7 நாளில் கைதுக்கு ஒப்புதல் தரும்; ஆக 37 நாள், நீதிபதியே இல்லாமல். தேசப் பாதுகாப்பு, பயங்கரவாதம் என்றால் "குறிப்பிட்ட இடத்தில் வசிப்புக் கண்காணிப்பு" என்ற பெயரில் ஆறு மாதம் வரை; வழக்கறிஞரைப் பார்க்கவும் காவல்துறையின் அனுமதி வேண்டும். வழக்கு நீதிமன்றம் போனால் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்டனைதான். (ஜப்பானிலும் இதே விகிதம் என்பதால், எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.)

தேர்வில் எழுத மறக்கக் கூடாத மறுபக்கம்: அதே 22-ஆம் பிரிவு தடுப்புக் காவலையும் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் விசாரணையின்றி 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். மூன்று வாரத்துக்குள், காவல் ஆணையை ஆராயும் அறிவுரைக் குழுமத்துக்குக் கோப்பு போக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் இத்தகைய ஆணைகள் உடைவது பெரும்பாலும் நடைமுறைப் பிழையால்தான்: மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், படிக்க முடியாத நகல், கைதிக்குத் தெரிந்த மொழியில் ஆவணம் தராதது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பதினாறாம் நாள், 1950 பிப்ரவரி 11 அன்று, உங்கள் ஊர் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். உரிமைப் பட்டியல் அச்சாகிவிட்டால் சிறைக் கொட்டடி வரை அது தானாக நடந்து போய்விடாது. சீன அரசமைப்பின் 35-ஆம் பிரிவிலும் பேச்சு, அச்சு, கூட்டம், ஊர்வலம் எல்லாம் இருக்கிறது. 2004-இல் "அரசு மனித உரிமைகளை மதித்துக் காக்கும்" என்றும் சேர்த்தார்கள். அந்தப் பிரிவைக் காட்டி ஒரு சட்டத்தைச் செல்லாதது என்று அறிவிக்கும் நீதிமன்றம்தான் அங்கே கிடையாது. அரசமைப்புக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவுக்கு. சட்டம் போட்டவரே உரையும் எழுதுகிறார்.

தொழிலாளர் கட்சி ஆளும் நாட்டில் சங்கம் வைக்கத் தடையாமே, நிஜமா?
— காபித் தோட்டத் தொழிலாளி, ஏற்காடு

சங்கம் உண்டம்மா, ஒன்றே ஒன்று. அகிலச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. எந்தச் சங்கமானாலும் அதன் கீழ்தான். வேலைநிறுத்த உரிமை 1975, 1978 அரசமைப்புகளில் இருந்தது, 1982-இல் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் தோட்டத்துத் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பல மனுக்கள் இந்தக் கணக்கில்தான் திரும்பி வருகின்றன.

இன்னொன்று. சங்கம் அமைக்கும் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளைச் சீனா ஏற்கவில்லை. அமெரிக்காவும் ஏற்கவில்லை. இந்தியாவும்தான்.

மேற்கு நாடுகள் மட்டும் யோக்கியமா?
— போட்டித் தேர்வு மாணவர், ஓமலூர்

இல்லை. அமெரிக்காவின் குவாந்தனாமோ சிறை 2002-இல் திறந்தது. வழக்கே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஆட்களை அடைத்தார்கள். சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1971-இல்தான். தேர்வுக்கு இதை நினைவில் வையுங்கள்: குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் சீனா 1998-இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. பொருளாதார, சமூக உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா 1977-இல் கையெழுத்திட்டது, அதுவும் உறுதிசெய்யவில்லை. இந்தியா இரண்டிலும் 1979-இல் சேர்ந்தது. "மேற்கு" என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் வேண்டாம். நாஜிச் சின்னத்தைக் காட்டினால் ஜெர்மனியில் குற்றம், அமெரிக்காவில் பேச்சுரிமை. மரண தண்டனை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அமெரிக்காவிலும் இங்கும் சீனாவிலும் உண்டு, சீனாவில் எத்தனை பேருக்கு என்பது அரச இரகசியம்.

சீன மக்களே திருப்தியாக இருக்கும்போது நமக்கென்ன?
— விசைத்தறி உரிமையாளர், எடப்பாடி

2003 முதல் 2016 வரை ஹார்வர்டு ஆய்வாளர்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல் நேரில் கேட்டார்கள். மத்திய அரசில் திருப்தி என்றவர்கள் 2016-இல் பத்தில் ஒன்பதுக்கு மேல். கீழே இறங்க இறங்க, ஊர் அதிகாரிகளிடம் வரும்போது அந்தத் திருப்தி தேய்ந்தது. பயத்தால் சொன்ன பதில் என்று முழுவதையும் ஒதுக்குவது சோம்பேறித்தனம். வாழ்க்கை உயர்ந்தது கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் திருப்தி இல்லாதவருக்கு என்ன வழி என்பதைக் கருத்துக்கணிப்பு சொல்லாது. பலகட்சி ஆட்சி கேட்டுச் சாசனம் எழுதியதில் பங்கேற்ற லியூ ஷியாபோவுக்கு 2009-இல் 11 ஆண்டுத் தண்டனை. மறு ஆண்டு நோபல் அமைதிப் பரிசு. 2017-இல் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

ஷின்ஜியாங் விவகாரத்தில் இந்தியா ஏன் வாய் திறக்கவில்லை?
— வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், சேலம்

2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம், சீனாவின் வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை அடைத்துவைத்த முறை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்றது. சீனா அதைத் தீவிரவாத ஒழிப்பு, தொழிற்பயிற்சி என்கிறது. அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் அதைப் பற்றி விவாதிக்கலாமா என்றே ஓட்டு வந்தது: ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. இந்தியா நடுநிலை. ஒரு நாட்டை மட்டும் குறிவைக்கும் தீர்மானங்கள் பயன் தராது என்பது டெல்லியின் பழைய நிலைப்பாடு. நாளை நம்மைப் பற்றியும் தீர்மானம் வரலாம் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது என்பது நம் கணிப்பு.

சீனக் கிராமத்திலும் தேர்தல் நடக்கிறது என்கிறீர்கள். எங்கள் ஊராட்சியில் தனி அலுவலர் ஆட்சி. நாங்கள் எந்த விதத்தில் மேல்?
— வாசகர், சேர்வராயன் மலைக் கிராமம்

குத்தலான கேள்வி, நியாயமானதும்கூட. சீனாவில் ஊர்க்குழுத் தேர்தலுக்கு 1987-இல் சோதனைச் சட்டம், 1998-இல் நிரந்தரச் சட்டம். பதவிக்காலம் 2018 முதல் ஐந்தாண்டு. தேர்தல் நடக்கிறது, ஆனால் கட்சிக் கிளைச் செயலாளரே ஊர்க்குழுத் தலைவராகவும் இருக்க வேண்டும் என்று இப்போது தள்ளுகிறார்கள். சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2016 முதல் 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தலே நடக்கவில்லை. அப்படித் தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர் வந்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தியே தீர வேண்டும் என்று அரசமைப்பு சொல்லியும் இந்த நிலை.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை நின்றுவிடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூட்ட வேண்டும். கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். வருகைக்கு என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பின்னால் தீர்மானத்தை நிரப்புவதுதான் வழக்கமான கோளாறு. அடுத்த வாரமே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான நகல் கேட்டு ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபாலைப் பதிவுசெய்த விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டில் நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.